அலுவலகக் கேள்விகள்: ஆளைக் குறை சொல்லும் முன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "அவர் சரியில்லை" என்றுதான் தொடங்குகின்றன. மேலதிகாரி சரியில்லை, புதிதாக வந்தவர் சரியில்லை, கீழே வேலை செய்பவர் சரியில்லை. பல வருடம் தொழிற்சாலைகளின் பணியாளர் துறையில் இருந்துவிட்டு, இப்போது நிர்வாகவியல் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதில் ஓர் உறுதியான கருத்து உண்டு. வேலையிடத்தில் ஒரு சிக்கல் வந்தால், ஆளின் குணத்தைப் பேசுவதற்கு முன்னால் அவரைச் சுற்றியிருக்கும் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள், எதற்குப் பாராட்டு கிடைக்கிறது, எதைப் பேசினால் வம்பு வரும் என்பதெல்லாம் அதில் அடக்கம். கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடு படியுங்கள்.

கேள்வி: ஒன்பது வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்தவருக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம் என்று தற்செயலாகத் தெரிந்தது. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான். அன்றிலிருந்து வேலையில் மனம் ஒட்டவில்லை. மாதக் கடைசி வேலை பாக்கியிருந்தாலும் நேரமானதும் கிளம்பிவிடுகிறேன். அவர் தவறாகப் பதிவு போட்டால்கூடச் சொல்வதில்லை. நான் கெட்டவளாகிவிட்டேனா?

இல்லை, அம்மா. "அடுத்தவர் சம்பளத்தோடு ஒப்பிடாதே" என்று உங்களுக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்பவர்களும் ஒப்பிடுகிறவர்கள்தான். ஸ்டேசி ஆடம்ஸ் என்ற உளவியலாளர் 1963-இல் முன்வைத்த சமநீதிக் கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. நாம் வாங்கும் சம்பளம் அதிகமா குறைவா என்று தனியாக எடைபோடுவதில்லை. நாம் போடும் உழைப்பு, அனுபவம், விசுவாசம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்து, கிடைப்பதை மறுபக்கம் வைத்து, அந்த விகிதத்தை நம்மைப் போன்ற இன்னொருவரின் விகிதத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம். அது இடித்தால் மனம் சும்மா இருக்காது, எப்படியாவது சரிக்கட்டப் பார்க்கும். உழைப்பைக் குறைத்துக்கொள்ளலாம், கூடுதலாகக் கேட்கலாம், "அவருக்கு நமக்குத் தெரியாத தகுதி ஏதோ இருக்கிறது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ஒப்பிடும் ஆளை மாற்றலாம், வேலையை விட்டே போகலாம். இவற்றில் முதல் வழியை நீங்கள் அறியாமலே எடுத்திருக்கிறீர்கள். நேரத்துக்குக் கிளம்புவதும், தவறைப் பார்த்தும் பேசாமலிருப்பதும் அதுதான்.

அந்த வழி உங்களுக்குத்தான் நஷ்டம் என்பதால் கவலைப்படுகிறேன். ஒன்பது வருடமாகச் சேர்த்த பெயர் நாலைந்து மாத முடிவுகளில் கரைந்துவிடும். அப்புறம் நீங்கள் சம்பளம் பற்றிப் பேசப் போனால், "சமீபத்தில் உங்கள் வேலையே சரியில்லையே" என்ற பதில் தயாராக இருக்கும்.

இது எப்படி நேர்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாக ஆள் எடுக்கும்போது நிறுவனம் அன்றைய வெளிச்சந்தை விலையைக் கொடுத்தாக வேண்டும். உள்ளே இருப்பவருக்கோ வருடா வருடம் பழைய சம்பளத்தின் மேல் ஒரு சதவீதம்தான் ஏறுகிறது. சந்தை விலை வேகமாக ஏறும் வருடங்களில் பழையவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து உங்களை அவமதிக்கத் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே பேசுங்கள். புதியவரின் பெயரை எடுக்காதீர்கள். எடுத்தால் "உனக்கு எப்படித் தெரிந்தது" என்று பேச்சு திசைமாறிவிடும். மாத முடிவு, தணிக்கையாளர் கேள்விகள், வரி தாக்கல், புதியவர்களுக்குப் பயிற்சி என்று நீங்கள் உண்மையில் பார்க்கும் வேலைகளை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தப் பொறுப்புக்கு இன்று வெளியே என்ன சம்பளம் என்பதையும் விசாரித்து வையுங்கள். இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். என் சம்பளம் எந்த அடிப்படையில் முடிவாகிறது? அதை இன்றைய நிலைக்குக் கொண்டுவர என்ன வழி, எப்போது?

முதல் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நிர்வாகவியல் ஆய்வாளர் ஜெரால்டு கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஒப்பந்தங்கள் கைநழுவிப் போனதால் ஒரு நிறுவனம் தன் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டியது. ஒன்றில் தலைவரே வந்து, ஏன் இப்படி, வேறு வழி ஏன் இல்லை என்று சுமார் ஒன்றரை மணி நேரம் விளக்கி, வருத்தமும் தெரிவித்தார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு இடத்திலும் பொருள்கள் திருடுபோவது கூடியது. ஆனால் விளக்கம் சரியாகச் சொல்லாத இடத்தில் கூடியது மிக அதிகம். வெட்டு ஒன்றுதான், அதைச் சொன்ன விதம் வேறு. ஆகவே உங்கள் மேலாளர் உடனே சம்பளத்தை ஏற்ற முடியாவிட்டாலும், காரணத்தை நேராகச் சொல்கிறாரா, ஒரு தேதி கொடுக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் மழுப்பினால், ஒன்பது வருட அனுபவத்தை அந்த வெளிச்சந்தை எப்படி மதிக்கிறது என்று நீங்களும் பார்த்துக்கொள்வதில் தவறே இல்லை.

அதுவரை அந்தத் தவறான பதிவுகளைச் சொல்லிவிடுங்கள். அவர் உங்களுக்குத் தீங்கு எதுவும் செய்யவில்லை.

கேள்வி: பேக்கிங் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒரு ஆபரேட்டர் சமீபகாலமாக லேபிள் மாற்றி ஒட்டுகிறார், கவனமே இல்லை. இரண்டு முறை எச்சரித்தும் திருந்தவில்லை. மெமோ கொடுக்கலாமா?

கொடுக்கலாமா என்று இப்போது சொல்ல முடியாது. ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அவருடைய கவனம் பற்றி ஏழு வரி இருக்கிறது, வேலை பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்தவர் தவறு செய்தால் அதை அவர் குணத்தில் தேடுவதும், சூழ்நிலையை மறந்துவிடுவதும் நம் எல்லோருக்கும் உள்ள சாய்வு. உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் இதை அடிப்படைக் காரணப் பிழை என்று அழைத்தார்.

இன்னோர் உளவியலாளர் ஹெரால்டு கெல்லி 1967-இல் மூன்று கேள்விகளைக் கொடுத்திருக்கிறார். மேற்பார்வையாளர் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை என்பேன். மற்றவர்களும் அதே தவறைச் செய்கிறார்களா? இவர் மற்ற வேலைகளிலும் தவறு செய்கிறாரா, இதில் மட்டுமா? எப்போதும் செய்கிறாரா, சில நேரம் மட்டுமா?

தவறுப் பதிவேட்டை எடுத்து உட்காருங்கள். மற்ற யாரும் செய்யவில்லை, இவர் எல்லா வேலையிலும் செய்கிறார், நாள் தவறாமல் செய்கிறார் என்றால் காரணம் இவரிடம் இருக்கிறது. அப்போதும் அது பயிற்சிக் குறையா, உடல்நிலையா, மனக்கஷ்டமா என்று உட்காரவைத்துக் கேட்டுவிட்டுத்தான் மெமோ. மாறாக, அந்த மேசைக்கு யார் போனாலும் லேபிள் மாறுகிறது என்றால் சிக்கல் மேசையில் இருக்கிறது. ஒரே நிறத்தில் இரண்டு லேபிள் ரோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். விளக்கு போதாமல் இருக்கும். தவறு இரவு ஷிஃப்டின் கடைசி மணி நேரங்களில் மட்டும் என்றால் ஓவர்டைம் பட்டியலைப் பாருங்கள், அவர் தொடர்ந்து எத்தனை நாளாக இரண்டாவது ஷிஃப்டும் பார்க்கிறார் என்று. அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டது நீங்களாகவே இருக்கலாம்.

"சமீபகாலமாக" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்பு சரியாகச் செய்தவர் இப்போது தடுமாறுகிறார் என்றால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. எது மாறியது, எந்த வாரத்தில் மாறியது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: எம்.பி.ஏ. முதலாம் ஆண்டு. கேஸ் ஸ்டடியில் ஊக்கம் பற்றிய கோட்பாடுகளைத் தந்த மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க், வ்ரூம், மெக்கிரிகர் எல்லாரையும் எழுதினேன். பேராசிரியர் "பகுப்பாய்வு இல்லை" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். இன்னும் எத்தனை கோட்பாடு எழுத வேண்டும்?

தம்பி, உங்கள் பேராசிரியர் பக்கம்தான் நான். மூன்றைக் குறையுங்கள்.

நீங்கள் அனுப்பியிருக்கும் கேஸை எடுத்துக்கொள்வோம். விற்பனைப் பிரிவில் இன்சென்டிவ் தொகையை இரட்டிப்பாக்கியும் விற்பனை ஏறவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் விடை: "பணியாளர்களின் தேவைகள் பூர்த்தியாகவில்லை, எனவே ஊக்கம் குறைந்துள்ளது." இந்த வாக்கியம் உலகத்தில் உள்ள எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும். அதனாலேயே அது இந்த நிறுவனத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

விக்டர் வ்ரூம் 1964-இல் தந்த எதிர்பார்ப்புக் கோட்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு கேஸை மறுபடி படியுங்கள். ஊக்கம் மூன்று நம்பிக்கைகளின் பெருக்கல் என்கிறார் அவர். முயன்றால் இலக்கை எட்ட முடியும். எட்டினால் பரிசு உண்மையில் கைக்கு வரும். அந்தப் பரிசு எனக்கு வேண்டியது. இதைப் பெருக்கல் என்று வைத்ததில்தான் விஷயம் இருக்கிறது. மூன்றில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். நிர்வாகம் மூன்றாவதை மட்டும் பெரிதாக்கியிருக்கிறது. கேஸின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: சரக்கு தாமதமாக வருவதால் பல ஆர்டர்கள் ரத்தாகின்றன. நான்காம் பக்கத்தில், போன வருட இன்சென்டிவ் இன்னும் சிலருக்குக் கொடுக்கப்படவில்லை என்று இருக்கிறது. முதல் நம்பிக்கை சரக்குக் கிடங்கில் உடைந்தது, இரண்டாவது கணக்குப் பிரிவில் உடைந்தது. அதன் பிறகு தொகையை மூன்று மடங்காக்கினாலும் என்ன ஆகும்?

இப்போது பரிந்துரை தானாக வருகிறது பாருங்கள். முதலில் பழைய பாக்கியைக் கொடுங்கள், பிறகு சரக்கு வரும் நாளைச் சரிசெய்யுங்கள், இன்சென்டிவை அதற்குப் பிறகு பேசலாம். உங்கள் விளக்கம் தவறாக இருந்தால் அது எப்படித் தெரியவரும் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். உதாரணமாக, சரக்கு நேரத்துக்கு வந்து, பாக்கியும் இல்லாத கிளைகளிலும் விற்பனை ஏறவில்லை என்றால் இந்த விளக்கம் நிற்காது. அந்த ஒரு வரி எழுதும் மாணவரை எந்தப் பேராசிரியருக்கும் பிடிக்கும்.

மாஸ்லோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1943-இல் அவர் எழுதிய கட்டுரையில், மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற முக்கோணப் படமே கிடையாது, பின்னால் வந்தவர்கள் வரைந்தது. படம் எளிதாக இருப்பதால் எல்லா விடைத்தாளிலும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கேஸில் அதற்கு வேலை இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வயரிங் அசெம்பிளியில் புதிதாகச் சேர்ந்தேன். வேகமாக முடிக்கிறேன் என்று மற்றவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "ரொம்ப ஆடாதே" என்று ஒரு சீனியர் நேராகவே சொல்லிவிட்டார். பொறாமைதானே?

பொறாமை என்று முடிவுகட்டாதீர்கள். உங்களுக்கு நடப்பது ஏறக்குறைய அப்படியே தொண்ணூறு வருடங்களுக்கு முன் ஆய்வாளர்கள் கண்ணெதிரே நடந்திருக்கிறது, அதுவும் வயரிங் வேலையில்.

சிகாகோவுக்கு அருகில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 1924 தொடங்கி 1932 வரை தொடர் ஆய்வுகள் நடந்தன. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்த சோதனையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1931, 1932-இல் நடந்த கடைசிக் கட்டம். தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்கு வயர் இணைக்கும் பிரிவைச் சேர்ந்த 14 ஆண்களை ஓர் அறையில் வைத்துக் கவனித்தார்கள். குழு எவ்வளவு அதிகம் செய்கிறதோ அவ்வளவு கூலி என்ற ஏற்பாடு. அப்படியானால் எல்லோரும் வேகமாகச் செய்ய வேண்டும் அல்லவா? செய்யவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டுபவருக்குப் பட்டப்பெயர், கேலி, புஜத்தில் ஓங்கி ஒரு குத்து. ரொம்பக் குறைவாகச் செய்பவருக்கும் ஏச்சு உண்டு. மேற்பார்வையாளரிடம் போட்டுக்கொடுப்பவர்தான் எல்லோரையும்விட மோசமானவர்.

ஏன் இப்படி என்று கேட்டபோது அவர்கள் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். வேகமாகச் செய்தால் நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைத்துவிடும், அல்லது இவ்வளவு ஆள் எதற்கு என்று சிலரை நிறுத்திவிடும், மெதுவாகச் செய்பவர்கள் திட்டு வாங்குவார்கள். பொருளாதாரப் பெருமந்த காலம் அது. அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உங்கள் சீனியரின் "ஆடாதே"க்குள் இந்தப் பயம் இருக்கிறதா என்று கண்டுபிடியுங்கள். முன்பு யாராவது டார்கெட்டைத் தாண்டியதும் எல்லோருக்கும் டார்கெட் ஏறியதா? அவரையே கேளுங்கள், சண்டையாக இல்லாமல் தெரிந்துகொள்ளும் ஆவலோடு. வேகத்தை மறைக்கச் சொல்லவில்லை. உளவியலாளர் எட்வின் ஹாலண்டர் 1958-இல் சொன்ன ஒரு கருத்து உங்களுக்கு உதவும். குழுவின் நடைமுறைகளை மதித்து, வேலையிலும் கெட்டிக்காரர் என்று காட்டும் ஆளுக்குக் குழு ஒரு நல்லெண்ணக் கணக்கு தொடங்கிவைக்கிறது; கணக்கில் இருப்பு சேர்ந்த பிறகு அவர் வித்தியாசமாக நடந்தாலும் பொறுத்துக்கொள்கிறது. நீங்கள் இருப்பே இல்லாமல் எடுக்கப் போயிருக்கிறீர்கள். உங்கள் வேலை முடிந்ததும் பக்கத்து மேசையில் தேங்கியிருப்பதற்குக் கை கொடுங்கள். அதில் வேகம் காட்டுங்கள். யாரையும் பற்றி மேலே போய்ச் சொல்லாதீர்கள்.

இதைப் படிக்கும் மேலாளர்களுக்கு: ஒருவர் டார்கெட்டைத் தாண்டியதும் எல்லோர் டார்கெட்டையும் ஏற்றும் பழக்கம் உங்களிடம் இருந்தால், உங்கள் ஆட்கள் மெதுவாக வேலை செய்யக் கற்றுக்கொண்டதற்கு நீங்கள்தான் ஆசிரியர்.

கேள்வி: எதுவானாலும் தயங்காமல் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்கிறேன். யாரும் வாயே திறப்பதில்லை. பின்னால் பிரச்சினை வெடித்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. எனக்கு வாய்த்த டீம் அப்படி.

கடைசியாக யாராவது ஒரு கெட்ட செய்தியைக் கொண்டுவந்தபோது நீங்கள் சொன்ன முதல் வாக்கியம் என்ன? அதை நினைவுபடுத்திப் பாருங்கள். "ஏன் இதை முன்னாடியே சொல்லவில்லை" என்பதாக இருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. அன்று அந்த அறையில் இருந்த எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம், சொன்னவருக்குத்தான் அடி என்பது.

ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து தவறாகக் கொடுக்கப்படுவதை ஆராய்ந்தபோது, நல்ல குழு என்று பெயரெடுத்த பிரிவுகளில் தவறுகளின் எண்ணிக்கை அதிகமாகப் பதிவாகியிருந்தது. முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அங்கே தவறுகளை வெளியே சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள். 1999-இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து அவர் எழுதிய ஆய்வு, உளவியல் பாதுகாப்பு என்ற கருத்தைப் பரவலாக்கியது. கேள்வி கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ தன்னை மட்டம் தட்ட மாட்டார்கள் என்று குழுவில் எல்லோரும் நம்புவதுதான் அது. அந்த நம்பிக்கை இருந்த குழுக்கள் அதிகம் கற்றுக்கொண்டன, வேலையும் நன்றாகச் செய்தன.

"தயங்காமல் சொல்லுங்கள்" என்பதை நிறுத்திவிட்டு, குறிப்பாகக் கேளுங்கள். "இந்தத் திட்டம் தேதிக்குள் முடியாமல் போனால், எந்த இடத்தில் போகும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் ஓர் இடத்தைச் சொல்லட்டும். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். ஒருவர் கெட்ட செய்தி சொன்னால் முதல் வாக்கியம் நன்றியாக இருக்கட்டும், இரண்டாவது "இப்போது என்ன செய்யலாம்" என்று இருக்கட்டும். உடனே மாறிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் சொன்னதைச் செய்கிறீர்களா என்று கொஞ்ச காலம் சோதித்துப் பார்ப்பார்கள், அது அவர்கள் உரிமை.

கேள்வி: எனக்கு இரண்டு மேலதிகாரிகள். ஒருவர் கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் அவசரம் என்கிறார். இருவரிடமும் திட்டு. நான் நேர நிர்வாகம் கற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். உங்கள் நேரத்தில் கோளாறு இல்லை. சுரங்கப் பொறியாளரான ஹென்றி ஃபயோல் 1916-இலேயே, ஒரு பணியாளருக்கு ஆணை ஒருவரிடமிருந்துதான் வர வேண்டும் என்று எழுதிவிட்டார். உளவியலாளர் ராபர்ட் கானும் அவர் குழுவினரும் 1964-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பாத்திர முரண்பாடு என்று குறிப்பிட்டு, இதில் சிக்கியவர்களுக்கு மன இறுக்கம் கூடுவதையும் வேலையில் திருப்தி குறைவதையும் காட்டியது. இன்று பல நிறுவனங்கள் தெரிந்தே இரண்டு அதிகாரிகளை வைக்கின்றன, ஒருவர் துறைக்கு, இன்னொருவர் திட்டத்துக்கு. அது நடக்க வேண்டுமானால், மோதல் வந்தால் யார் சொல்வது செல்லும் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த முடிவை அவர்கள் எடுக்காமல் உங்கள் தலையில் விட்டிருக்கிறார்கள்.

திரும்பக் கொடுங்கள். கையில் இருக்கும் வேலைகளையும், ஒவ்வொன்றையும் யார் கொடுத்தார், எப்போதுக்குள் முடிக்கச் சொன்னார் என்பதையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி இருவருக்கும் அனுப்புங்கள். "இந்த வாரம் இவற்றில் மூன்றுதான் முடிக்க முடியும், எந்த மூன்று என்று இருவரும் பேசிச் சொன்னால் அப்படியே செய்கிறேன்" என்று மரியாதையாக முடியுங்கள். புதிய அவசரம் வரும்போதெல்லாம் அதே பட்டியலில் அதைச் சேர்த்து, எதைத் தள்ளிவைக்கலாம் என்று கேட்டு மறுபடி அனுப்புங்கள்.